விழித்திரை நிபுணர் என்ற தவறான பட்டியல், அவசர நோயாளிக்கு மூன்று நாள் தாமதம்: புகார்

அனுப்புநர்:
ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பவர் பரிசோதிப்பவர்), கண்ணாடிக்கடை, சங்கரன்கோவில்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர், டாக்டர் முன்பதிவுச் செயலி நிறுவனம்.

ஐயா / அம்மையீர்,

எங்கள் கடைக்கு வந்த ஒருவருக்காக, அவர் குடும்பத்தாரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறோம். வயது 54, இரண்டு கண்ணிலும் மைனஸ் 8 பவர். ஞாயிறு இரவிலிருந்து வலக்கண் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது, கரித்தூளைக் கொட்டினாற்போல் புள்ளிகள் பறக்கின்றன என்று திங்கள் காலை வந்தார். கண்ணாடியோடு அந்தக் கண்ணில் பார்வை 6/9, அதாவது இயல்புக்குச் சற்றே குறைவு. அதிகக் கிட்டப்பார்வை, புதிய மின்னல், புதிய புள்ளிகள் மூன்றும் சேர்ந்துவிட்டால் விழித்திரையில் கிழிசல் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்தாக வேண்டும். "இன்றே, ரெட்டினா டாக்டர்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தோம். அவர் மகன் உங்கள் செயலியைத் திறந்தார்.

திருநெல்வேலியில் "விழித்திரை நிபுணர்" என்று 11 பெயர்கள் வந்தன. முதல் பெயரைத் தொட்டார். கிடைத்தது வியாழன் மாலை 5.40. அறிகுறி எழுதும் கட்டத்தில் "மின்னல், கரும்புள்ளிகள், நேற்றிலிருந்து" என்று தெளிவாக எழுதியிருக்கிறார். பதிலாக வந்தது "முன்பதிவு உறுதியானது" என்ற ஒரு வரியும், காத்திருக்க விருப்பமில்லை என்றால் 299 ரூபாயில் வீடியோ ஆலோசனை என்ற விளம்பரமும். வீட்டிலிருந்து பேசும் வீடியோ அழைப்பில் விழித்திரையின் ஓரத்தைப் பார்க்க முடியாது. உங்கள் உதவி எண்ணில் பேசியவர் "வியாழனே சீக்கிரம்தான் சார்" என்றிருக்கிறார்.

வியாழனன்று பார்த்த டாக்டர் கண்புரையும் கண் அழுத்தமும் பார்ப்பவர். அவர்மேல் எங்களுக்குக் குறையில்லை. சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, மேல் வெளிப்புறத்தில் விழித்திரை கழன்றிருக்கிறது, நான் ரெட்டினா ஆபரேஷன் செய்வதில்லை என்று சொல்லி அன்றிரவே மதுரைக்கு அனுப்பிவைத்தார். அதற்குள் மூக்குப் பக்கம் கீழிருந்து ஒரு நிழல் ஏறத் தொடங்கியிருந்தது. (மேலே கழன்றால் நிழல் கீழே தெரியும், அதனால்தான் பலர் கன்னத்துப் பக்கம் ஏதோ மறைக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள்.) வெள்ளி காலை ஆபரேஷனுக்கு முன் நடுப்பார்வைக்கான மேக்குலாவும் கழன்றிருந்தது, விரலை எண்ணும் அளவுக்குத்தான் பார்வை.

திங்களன்று வெறும் கிழிசல்தான் இருந்தது என்று எங்களால் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்று 6/9 தெரிந்த கண்ணில் மேக்குலா ஒட்டித்தான் இருந்திருக்க வேண்டும். கண்ணுக்குள் இருக்கும் கூழ் வயதானால் சுருங்கி விழித்திரையை விட்டு விலகும். இறுக ஒட்டிய இடத்தில் விலகாமல் இழுத்தால் கிழியும். கிழிசல் வழியாக நீர் உள்ளே போய் விழித்திரையைத் தூக்கும். கிழிசலோடு நின்றால் புறநோயாளி அறையிலேயே சுற்றி லேசர் போட்டு முடித்துவிடலாம், இரண்டு வாரத்தில் அது கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். கழன்ற பிறகு விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றும் ஆபரேஷன்), விழித்திரையை அழுத்தி ஒட்டவைக்க உள்ளே நிரப்பும் வாயு அல்லது சிலிகான் எண்ணெய், நாள்கணக்கில் சொன்ன நிலையில் தலையை வைத்திருப்பது, எண்ணெய் என்றால் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். மேக்குலா கழலும் முன் செய்தால் கிடைக்கும் பார்வை, கழன்ற பின் பெரும்பாலும் முழுதாகத் திரும்புவதில்லை.

அந்த 11 எண்களுக்கும் நாங்கள் போன் போட்டுக் கேட்டோம். லேசரும் ஆபரேஷனும் தாமே செய்பவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் நல்ல கண் மருத்துவர்கள், விழித்திரைக்காரர்கள் அல்லர். எம்.எஸ். அல்லது டி.என்.பி. என்ற கண் மருத்துவ மேற்படிப்பை முடித்தபின் விழித்திரைக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்தவரைத்தான் அப்படி அழைப்பது வழக்கம். மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் அது தெரியாது. சேர்க்கும்போதே கேளுங்கள்: விட்ரியோரெட்டினல் (கண் கூழ், விழித்திரை) பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? இன்டைரக்ட் கருவியில் (தலையில் மாட்டி விழித்திரையைப் பார்க்கும் விளக்குக் கருவி), கண்ணை ஓரத்தில் அழுத்தி விளிம்புவரை பார்ப்பீர்களா? லேசர் உங்கள் இடத்திலேயே உண்டா? இரத்தக் கசிவால் உள்ளே தெரியாவிட்டால் பி-ஸ்கேன் (கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட்) எடுக்க முடியுமா?

இன்னொன்று, நீங்கள் விற்பது 10 நிமிட நேரம். விழித்திரையைப் பார்க்கச் சொட்டு மருந்து விட்டால், கண்பாப்பா விரியவே அரை மணி ஆகும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் தாமதமாகும், இரண்டாம் சுற்றுச் சொட்டும் வேண்டியிருக்கும். உறுதிச் செய்தியில் இது ஒரு வார்த்தை இல்லை. நான்கைந்து மணி நேரம் மங்கும், வண்டி ஓட்டி வராதீர்கள், துணைக்கு ஆள் வேண்டும், பழைய ஓசிடி (விழித்திரை ஸ்கேன்) அறிக்கையும் மருந்துச் சீட்டும் கொண்டுவாருங்கள் என்று போடுவதில் என்ன செலவு?

நாங்கள் கேட்பது: கட்டணம் 600 ரூபாயும் சேவைக் கட்டணம் 49 ரூபாயும் திரும்ப வேண்டும். ஏழு பேரின் பெயருக்கு மேலிருந்து "விழித்திரை நிபுணர்" பட்டத்தை எடுக்க வேண்டும். மின்னல், புதிய புள்ளிகள், திரைபோல் நிழல், திடீர்ப் பார்வை இழப்பு என்ற சொற்கள் வந்தால் முன்பதிவை நிறுத்தி, அன்றே பார்க்கும் மருத்துவமனைகளின் எண்ணைக் காட்ட வேண்டும். அந்த இடத்தில் வீடியோ விளம்பரம் வரக் கூடாது.

2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் பதிவு செய்வோம்.

இணைப்பு: முன்பதிவுச் செய்தி, அறிகுறிக் கட்டத்தின் படம், எங்கள் சீட்டின் நகல், ஆபரேஷன் குறிப்பு.