பொள்ளாச்சியை எதற்கு இழுக்கிறீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு விண்வெளி நாவலை அறிமுகம் செய்தவர் கடைசியில் இப்படி முடித்திருக்கிறார்: "ஓரினக் காதலர்களையும் பால் மாறியவர்களையும் கதைக்குள் திணிப்பது மேற்கிலிருந்து இறக்குமதியான மோஸ்தர். பொள்ளாச்சியில் தேங்காய் உரிக்கிறவருக்கு இதனால் ஆவதென்ன?"

நான் பொள்ளாச்சிப் பக்கம்தான். ஆனைமலை போகிற வழியில் எங்களுக்குக் கொப்பரைக் களம் இருக்கிறது. இருபத்தாறு வருடமாகக் களத்துக் கணக்கு என் கையில். தேங்காய் உரிக்கிறவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கூலி எண்ணிக் கொடுப்பதும் நான்தான். தங்கள் விமர்சகருக்கு அவர்களில் எத்தனை பேரைத் தெரியும் என்று கேட்க மாட்டேன். படித்தவர், தெரியாமலா எழுதியிருப்பார்.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1969-இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலைத் தாங்கள் படித்திருப்பீர்கள். அறிவியல் கதைகளுக்குக் கொடுக்கிற ஹ்யூகோ, நெபுலா இரண்டு விருதும் வாங்கியது. எனக்கு அது கோவை உக்கடம் பழைய புத்தகக் கடையில் மேலட்டை இல்லாமல் நாற்பது ரூபாய்க்குக் கிடைத்தது. கொப்பரை காயப் போட்டால் யாராவது ஒருத்தர் வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும், தூறல் விழுந்தால் தார்ப்பாய் இழுக்க. அந்த வேலைக்குப் புத்தகம் தோது. மடியில் அகராதியோடு மூன்று மாதம் படித்தேன். பனிக்காட்டில் இரண்டு பேர் வண்டி இழுத்துக்கொண்டு போகிற பகுதியைச் சித்திரை வெயிலில் படித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கதை நடக்கிற கிரகத்தில் யாரும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் ஏதாவது ஒன்றாக ஆகிறார்கள், எது என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு பிள்ளையைப் பெற்றவரே இன்னொரு பிள்ளைக்குத் தகப்பனாகவும் இருப்பார். அங்கே ராஜா ஒருவர் கர்ப்பமாகிறார். சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் இந்தக் கதையைக் களத்தில் சொன்னேன். இளவட்டங்கள் சிரித்தார்கள். எங்களிடம் ரொம்ப வருடமாகக் காய் உரிக்கிற பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. தூக்குப்போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து கேட்டார்:

"ஏனுங் அம்மிணி, ராசாவே முழுகாம இருந்தா, பொறக்கற கொழந்தை எந்தக் கூட்டத்துல சேருமுங்க?"

கூட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் குலம். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி தேடிப் பார்த்தேன். எழுதியிருக்கிறார் அந்த அம்மா. சுமந்து பெற்றவர் வழியில்தான் அங்கே வம்சம். மறுநாள் சொன்னேன். "அப்பச் செரியான ஊருதானுங்க" என்றவர், அடுத்த காயை எடுத்துப் பாரையில் குத்தினார்.

அவர் அதை ஏன் கேட்டார் என்பது களத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மூத்த பிள்ளை பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனது. ஒன்பது வருடம் கழித்து, அப்பனுக்குக் காலில் பாரை ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டு, சேலை கட்டிக்கொண்டு வந்தது. (அஃறிணையில் எழுதுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். எங்கள் ஊரில் பிள்ளை என்றாலே பிரியத்தில் 'வந்துச்சு, போச்சு'தான்.) ஆஸ்பத்திரியில் பத்து நாள் கூடவே இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் யார் இது என்று கேட்டதற்கெல்லாம் அவர், "எம்புள்ளைங்க" என்றார். மகன் என்றும் சொல்லவில்லை, மகள் என்றும் சொல்லவில்லை. அந்த வருடம் குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி எழுதியபோது அந்தப் பிள்ளையின் பெயரை விட்டுவிட்டார்கள். ஆண் கணக்கிலும் இல்லை, கட்டிக்கொடுத்த பெண் கணக்கிலும் இல்லையாம். எந்தக் கூட்டம் என்ற கேள்வி அங்கேயிருந்து வந்தது. ஆவதென்ன என்று கேட்டீர்களே, இதுதான்.

இறக்குமதி என்ற சொல்லுக்கு வருகிறேன். மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் பேடும் ஒன்று, காமன் பேடி உருவம் கொண்டு ஆடியது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேதாளம் விக்கிரமாதித்தனுக்குச் சொன்ன கதைகளில், குளிகையை வாயில் அடக்கினால் வாலிபன் பெண்ணாகிவிடுவான், துப்பினால் பழையபடி ஆண். அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளத் திருநங்கைகள் கூவாகம் போவது ஊரறிந்தது. அவ்வளவு தூரம் எதற்கு, கோவை சிங்காநல்லூரிலேயே அரவானுக்குப் பண்டிகை எடுக்கிறோம். இதெல்லாம் எந்தக் கப்பலில் வந்து இறங்கியது?

மேற்குக்காரர்கள் இதை ஏதோ விற்கத் துடித்த மாதிரி எழுதுவதும் தப்பு. அவர்கள்தான் ஒளித்து ஒளித்து வைத்தவர்கள். வேற்றுக்கோள் காதலர் இருவரைப் பற்றித் தியோடர் ஸ்டர்ஜன் 1953-லேயே சிறுகதை எழுதினார், இருவரும் ஒரே பால் என்பது கடைசியில்தான் தெரியும். அதற்கு ஐம்பது வருடம் கழித்தும், ஹாரி பாட்டர் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் ஆண்களை விரும்புகிறவர் என்று ரௌலிங் அம்மையார் 2007-இல், அதுவும் ஏழு புத்தகமும் விற்று முடிந்த பிறகுதான், மேடையில் சொன்னார். 'செய்லர் மூன்' என்ற ஜப்பானியக் கார்ட்டூனில் காதலர்களாக வரும் இரண்டு பெண்களை அமெரிக்காவில் ஆங்கிலம் பேச வைத்தபோது ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆக்கிவிட்டார்கள். இது என் மகள் காட்டிக்கொடுத்தது.

அதைப் பார்த்ததும் எனக்குத் தங்கள் இதழ் ஞாபகம் வந்தது. நான்கு வருடம் முன்பு ஒரு மொழிபெயர்ப்புத் தொடர் போட்டீர்கள், விண்கலத்துத் தலைவியும் அவள் தங்கையும். ஏழாவது வாரம் தங்கை சாகிறாள். தலைவி அவள் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றித் தன் விரலில் போட்டுக்கொண்டு, இனிமேல் படுக்கையில் ஒரு பக்கம் காலியாகவே இருக்கும் என்று அழுகிறாள். எந்த ஊரில் ஐயா தங்கைக்காக இப்படி அழுகிறார்கள்? ஆங்கில மூலத்தை மகளிடம் சொல்லித் தேடி எடுத்துப் பார்த்தால், 'மனைவி' என்று இருக்கிறது. அதற்கு எழுதிய மூன்று பக்கக் கடிதத்தைத்தான் தாங்கள் "விண்வெளித் தொடர் விறுவிறுப்பு, வாழ்த்துகள்" என்று நான்கு சொல்லாக்கி வெளியிட்டீர்கள். 'வாழ்த்துகள்' நான் எழுதவே இல்லை. மீதி மூன்றும் முதல் வரியில் மரியாதைக்கு எழுதியது.

சுஜாதாவின் தொடர்கதையில் எந்திர நாய் ஜீனோ வாயைத் திறந்து பேசியபோது தமிழ் வாசகர் யாரும் ஆவதென்ன என்று கேட்கவில்லை. வாராவாரம் காத்திருந்து படித்தோம். நாய் பேசலாம், இரண்டு பெண்கள் ஒரு வீட்டில் இருக்கக் கூடாது, அப்படித்தானே?

இன்னொன்று. லெ குவின் தம் நாவலில் எல்லோரையும் 'அவன்' என்றே எழுதிவிட்டார். 1976-இல் ஒரு கட்டுரையில் அதற்கு நியாயம் சொன்னவர், 1987-இல் அதே கட்டுரைக்கு மறுகுறிப்பு எழுதித் தம் மனம் மாறியதை ஒப்புக்கொண்டார். ஆங்கிலத்தில் தோதான சொல் இல்லாமல் அவ்வளவு பெரிய எழுத்தாளர் அத்தனை வருடம் திண்டாடியிருக்கிறார். நம்மிடம் 'அவர்' சும்மா கிடக்கிறது. அப்படியும் தங்கள் விமர்சகர், நாவலில் பெண்ணாக வாழ்கிற பாத்திரத்தைப் பத்தி முழுக்க 'அவன்' என்கிறார், ஓர் இடத்தில் 'அது' என்கிறார். எங்கள் ஊர் 'வந்துச்சு' வேறு, அந்த 'அது' வேறு. வித்தியாசம் காதில் விழும். உயர்நீதிமன்றம் சொல்லி, 2022-இல் தமிழ்நாடு அரசே இவர்களைக் குறிக்க மரியாதையான சொற்களைப் பட்டியல் போட்டு அரசிதழில் வெளியிட்டது. பத்திரிகைக்காரர்களுக்காகவும்தான் அது. தங்கள் அலுவலக அலமாரியில் நிச்சயம் இருக்கும்.

எங்கள் ஊரைப் பற்றி எழுத வேறு விஷயமா இல்லை? வெள்ளை ஈ வந்து தென்னை ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி நிற்கிறது. வேர் வாடல் கண்ட மரத்தை வெட்டி வெட்டித் தோப்பு பொக்கைவாய் ஆகிவிட்டது. இரண்டைப் பற்றியும் தங்கள் இதழில் ஒரு வரி பார்த்த ஞாபகம் இல்லை. பொள்ளாச்சி என்றால் படப்பிடிப்பு, இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாத தேங்காய்க்காரர். பிடிக்கவில்லை என்றால் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொந்தப் பெயரில் எழுதச் சொல்லுங்கள். அது அவர் உரிமை, நான் குறுக்கே வர மாட்டேன். எங்களை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நின்று கல் எறிய வேண்டாம்.

பெரியவரிடம் அந்த வரியைப் படித்துக் காட்டவில்லை. மனசு வரவில்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தம், இரண்டு வரி போதும்: அந்தப் பத்தியில் 'அவன்', 'அது' என்று வந்த இடங்களை 'அவர்' என்று வாசிக்கவும், 'பொள்ளாச்சியில் தேங்காய் உரிக்கிறவருக்கு' என்பதை 'எனக்கு' என்று வாசிக்கவும். கடிதத்தில் என் பெயரைப் போட வேண்டாம், ஊர்ப் பெயரைக் கட்டாயம் போடுங்கள். இடம் இல்லாவிட்டால் மொத்தமாக விட்டுவிடுங்கள், மறுபடியும் நான்கு சொல்லாக்க வேண்டாம்.

சந்தா பங்குனியோடு முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி வந்த அட்டையைக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கொப்பரைக் களத்து வாசகி,
ஆனைமலை சாலை, பொள்ளாச்சி