எங்கப்பாவிடம் பிறந்த தேதி கேட்காதீர்கள்

ஓய்வூதியப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை உங்கள் மேசை முன்னால் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டு நின்ற பவானிப் பெரியவரின் மகன் நான். விரல் ரேகை மிஷினில் விழவில்லை. ஐம்பது வருசம் ஜமக்காள நூல் உரசிய விரலில் ரேகை எங்கே மிச்சமிருக்கும்? சரி, கேள்வி கேட்டு ஆளை உறுதி செய்துகொள்கிறோம் என்றீர்கள்.

பிறந்த தேதி கேட்டீர்கள். "தெரியலீங்க சாமி" என்றார். சம்சாரம் பேர் கேட்டீர்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் "நீங்க எடுத்துக் குடுக்காதீங்க" என்று கையைக் காட்டினீர்கள். மூன்றாவது கேள்வியில் அவர் அழுதுவிட்டார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அல்சைமர் என்ற மறதி நோய் என்று டாக்டர் எழுதிய சான்றிதழ் அப்போதும் என் கையில்தான் இருந்தது. நீங்கள் அதைத் தொடவே இல்லை.

நினைவு ஒன்றும் உங்கள் பீரோவில் அடுக்கிய ஃபைல் இல்லைங்க, நம்பர் சொன்னதும் உருவித் தர. அம்மா முகம் பதிவது மூளையின் பின்பக்கம், குரல் பதிவது காதையொட்டிய பகுதியில். அம்மாவை நினைக்கும்போது அங்கங்கே சிதறிக்கிடக்கும் நரம்பு செல்கள் மறுபடி ஒன்றாகத் துடிக்க வேண்டும். அவற்றை முதலில் சேர்த்துக் கட்டுவது ஹிப்போகேம்பஸ். பார்க்கக் கடல் குதிரை மாதிரி இருக்கும், பேருக்கு அர்த்தமும் அதுதான். அல்சைமர் ஆரம்பத்திலேயே கை வைப்பது அந்த இடத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும். காலையில் குடித்த காபி முதலில் போகும். நோய் பரவப் பரவ, கட்டிய பெண்டாட்டி பேரும் போய்விடும்.

ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பை நிறுத்த 1953-இல் ஆபரேஷன் செய்து, அந்த ஹிப்போகேம்பஸை இரண்டு பக்கமும் பெருமளவு எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாக நடந்தது எதுவும் அவர் மனதில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர், கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொல்லி அவரைச் சோதித்தார். மூன்று நாளில் கோடு சுத்தமாக விழுந்தது. முந்தின நாள் வரைந்த ஞாபகம் மட்டும் அவருக்கு இல்லை. கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் குடியிருக்கிறது.

அது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் அப்பாவைக் குழித்தறியில் உட்கார வைத்தேன். காலே மிதியைத் தேடிக்கொண்டது. பாவில் ஒரு இழை அறுந்ததும் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை நிறுத்தி, பார்க்காமலே நுனி இரண்டையும் உருட்டி முடிபோட்டார். நான் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஆளை அடையாளம் காண அதைவிட என்ன வேண்டும்? தறியைத்தான் உங்கள் மாடிக்குத் தூக்கி வர முடியாது. லிப்ட் வேறு இல்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். மறதி நோய் உள்ளவர்களிடம் கேள்வி கேட்டு ஆள் சரிபார்க்காதீர்கள். டாக்டர் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள்.

இதையே இரண்டு முறை மனுவாகக் கொடுத்தேன். சீல் குத்திய நகல் என்னிடம் இருக்கிறது. "அப்படி ஒண்ணும் வரலையே" என்கிறது உங்கள் தபால் பிரிவு. இந்த மறதிக்கு எந்த டாக்டரிடம் சான்றிதழ் வாங்குவது? பட்டா மாறுதல், வாரிசுச் சான்று என்று எங்கே போனாலும் ஆபீஸ் மறக்கலாம், ஜனம் மட்டும் எதையும் மறக்கக்கூடாது. மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன்.

இன்னொன்று. நடந்தது மறந்தாலும் அது கிளப்பிய வருத்தம் இந்த நோயாளிகளிடம் தங்கிவிடும். பஸ் ஏறும்போதே உங்கள் ஆபீஸை அப்பா மறந்துவிட்டார். ராத்திரி சாப்பிடவில்லை. "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா கண்ணு?" என்று நாலு தடவை கேட்டார்.

தயவுசெய்து கேள்வி கேட்காதீர்கள். வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறீர்கள். சான்றிதழோடு நான் வருகிறேன். அப்பாவைக் கூட்டி வரமாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு நெசவாளியின் மகன்