இரண்டரை மணிக்கு வந்த படங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. தம்பி போன வாரம் வந்து கிணற்று மோட்டாரைச் சரிசெய்துவிட்டுப் போனான். மற்றச் செய்திகளை எல்லாம் அம்மா உன்னிடம் பேசும்போது சொல்லியிருப்பாள். போனில் நான் எதை எழுதினாலும் அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்துவிடுகிறாள் என்பதால், இதைத் தபாலில் எழுதுகிறேன்.

பிரான்சில் நீ வளர்க்கும் நீலச்சாயச் செடி, அந்த பஸ்தேலின் படங்களைப் பலமுறை பார்த்தேன். பார்வைக்குப் பெரிய கீரைக்கட்டைத் தரையில் விரித்து வைத்ததுபோல இருக்கிறது. கடுகுக்கு உறவு என்று நீ சொன்னதை, மறு வருடம் அது மஞ்சளாகப் பூத்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் நம்புவேன். ஆனால் பூக்கவிடும் செடியிலிருந்து சாயத்தை எதிர்பார்க்காதே. முதல் வருடத்து இலையில்தான் சரக்கு இருக்கும்; விதைக்காக நான்கு செடிகளை விட்டுவிட்டு மற்றவற்றை இந்த வருடமே வெட்டிவிடு. நாம் நீலம் எடுத்த அவுரிச் செடி பயறு வகையைச் சேர்ந்தது. வேரிலே சத்தைச் சேர்த்து மண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போகும், தொட்டியில் ஊறி முடிந்த தழையையும் நெல்வயலுக்கு உரமாகப் போட்டோம். உன் செடி அப்படியல்ல, மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும் செடி. ஆகவே வெட்டியவுடன் மக்கிய எருவைத் தாராளமாகப் போடு. அடுத்த வருடம் வேறு இடத்தில் விதை.

இரண்டு முறை செய்தும் நீலம் வராமல் சாம்பலும் பச்சையுமாக மண்டி தங்கியது என்று எழுதியிருந்தாய். படத்தைப் பார்த்தவுடன் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. இலையைக் கொதிக்கும் நீரில் போட்டு, அடுப்பை அணைக்காமல், மூடி போட்டு அரைமணி நேரம் வைத்திருக்கிறாய். கொதி அடங்கிய வெந்நீரில் பத்து நிமிடம் போதும். அதன்பின் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வேகமாகக் கொண்டுவந்துவிட வேண்டும். ஆறப்போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் சாயம் கெட்டுப்போகும். வடிகட்டும்போது இலைத்தூள் ஒன்றுகூட இறங்கக்கூடாது, அதுதான் உன் பச்சை. பிறகு சலவைச் சோடாவைத் தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. பழுப்புத் தண்ணீர் பச்சைக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்திக்கொள். அதற்கு மேல்தான் காற்று கலக்கும்படி தண்ணீரை அடிப்பது. நுரை முதலில் பச்சையாக எழும்பும், பிறகு நீலமாகும், நீலம் நுரையை விட்டு இறங்கி நுரை வெளுக்கத் தொடங்கும்போது அடிப்பதை நிறுத்து. சந்தேகமாக இருந்தால், உன் தாத்தா செய்ததுபோல ஒரு கரண்டி தண்ணீரை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றிச் சாய்த்துப் பார். நீலம் பொடிப்பொடியாகப் பிரிந்து அடியில் தங்கி, மேலே தேன்நிறத்துத் தண்ணீர் தெளிந்து நின்றால் வேலை முடிந்தது. ஒரு கிலோ இலைக்கு ஒன்றிரண்டு கிராம் கிடைத்தாலே உன் செடிக்கு அது நல்ல பேறு என்று நினைத்துக்கொள். சோடாவைக் கரைக்கும்போது கையுறை போட்டுக்கொள், கண்ணாடியும் போட்டுக்கொள்.

இலையில் நீலம் கிடையாது என்பதை மட்டும் மறந்துவிடாதே. நிறமில்லாத ஒன்று தண்ணீரில் பிரிந்து வந்து, இரண்டு இரண்டாகக் காற்றின் துணையோடு சேரும்போதுதான் நீலம் பிறக்கிறது. அதனால்தான் நம் தொட்டியில் ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இரண்டு மணி நேரம் கையாலும் காலாலும் அடித்தார்கள். உன் பஸ்தேலில் வருவதும் நம் அவுரியில் வருவதும் ஒரே நீலம்தான், அளவில்தான் வித்தியாசம்.

அந்த அசெசா மாளிகையின் படத்தையும் அனுப்பி, அந்த ஊர் வழக்கப்படி 'ஓட்டல்' என்று எழுதியிருந்தாய். அம்மா அதைச் சாப்பாட்டுக் கடை என்று எண்ணி, அவ்வளவு பெரிய கடையில் காபி என்ன விலை என்று கேட்டாள். 1555-இல் ஒரு பஸ்தேல் வியாபாரி கட்டத் தொடங்கிய வீடு அது என்று சொன்னேன், நம்பவில்லை. துலூஸ் நகரத்தையே செல்வத்தில் மிதக்கவிட்ட அந்தச் செடியை, கடல் வழியாகப் போன நம் பக்கத்து நீலம் சாய்த்துவிட்டது என்பதும், அதைத் தடுக்க 1609-இல் நான்காம் ஹென்றி மன்னர் இந்திய நீலத்தைப் பயன்படுத்துகிறவனுக்கு மரண தண்டனை என்று ஆணையிட வேண்டியிருந்தது என்பதும் எனக்குப் பழைய செய்திகள். ஜெர்மனியில் இதைப் பேயின் சாயம் என்றே அழைத்தார்கள். அந்தப் பேயைத்தான் உன் தாத்தா தினமும் விளக்கேற்றி வைத்துக் கட்டிக்கட்டியாக அறுத்து விற்றார். அப்புறம் அதே ஜெர்மனியிலிருந்து 1897-இல் ரசாயன நீலம் சந்தைக்கு வந்து நம்மையும் சாய்த்தது. இப்போது நம் வீட்டுப் பெண் அந்த ஊரில் உட்கார்ந்து அவர்களுடைய செடியை வளர்க்கிறாள் என்று நேற்று திண்ணையில் இருந்தவர்களிடம் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இங்கே இருந்த காலத்தில், நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டிப் பக்கமே வராதவள் நீ. வாசலில் இருந்ததைக் கற்றுக்கொள்ளாமல், கடல் தாண்டிப் போய் வாளியில் கற்றுக்கொள்கிறாய் என்றும் தோன்றாமல் இல்லை. இதற்காகவா பொறியியல் படிக்க வைத்தோம் என்று அம்மா கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

படங்கள் வந்த நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பெல்லாம் உன்னிடமிருந்து எது வந்தாலும் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். இந்தப் படங்கள் செவ்வாய், வியாழன், மறுபடியும் செவ்வாய் என்று, எனக்கு மத்தியானம் இரண்டரை மணிக்கு வருகின்றன. அப்போது உனக்குக் காலை பதினொரு மணி. ஆகஸ்டு மாதத்தில் அந்த ஊரில் எல்லாருமே விடுமுறையில் போய்விடுவார்கள் என்று நீ முன்பே சொல்லியிருந்ததால் அப்போது நான் ஒன்றும் நினைக்கவில்லை. இப்போது செப்டம்பரும் முடியப்போகிறது. உன் அலுவலகத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் வழக்கம் வந்திருக்கலாம். அப்படியானால் வேலைக்கு இடையில் இரண்டு மணி நேரம் தண்ணீரை அடிப்பதற்கு விடுகிறார்களே, அவர்கள் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும். வெயில் நன்றாக இருக்கும் நேரத்தில் இலை பறித்தால் சாயம் கூடும் என்பதற்காக நீ காலையில் செய்கிறாய் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இதை உன்னிடம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, பாப்பா. நம் தொட்டியில் வேலை நின்றுபோன வருடம் உனக்கு ஆறு வயது. கடைசியாக வாங்கிக்கொண்டிருந்தவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு, ஆட்களுக்குக் கூலி தீர்த்து அனுப்பிவிட்டேன். அதை நான் உன் அம்மாவிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் தூக்குவாளியில் சோறு வாங்கிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். காய்ந்த தொட்டியின் படியில், நிழல் நகர நகர நானும் நகர்ந்து உட்கார்ந்திருப்பேன். ஏழு மாதம். கை வெளுத்துக்கொண்டே வந்தது. நம் வீட்டில் கையைப் பார்த்தால் தொழில் தெரிந்துவிடும் அல்லவா? அதனால் பெட்டியில் மீந்து கிடந்த நீலக்கட்டி ஒன்றை எடுத்து, படிக்கல்லில் தண்ணீர் விட்டு உரசி, நகக்கண்ணிலும் விரல் இடுக்கிலும் தேய்த்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வருவேன். அம்மா சீயக்காய் போட்டு என் கையைத் தேய்த்துக் கழுவிவிடுவாள், இன்றைக்கு வேலை அதிகமா என்று கேட்டுக்கொண்டே. கடையில் இருந்த கடனுக்கு அவளுடைய அம்மா போட்ட சங்கிலி போனது அந்த ஏழு மாதத்தில்தான். திருட்டுப் போய்விட்டது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். சந்தேகத்தில் வேலையை விட்டு நிறுத்தப்பட்ட அந்தப் பெண்ணை உனக்கு நினைவிருக்கும்; உனக்குத் தலை பின்னிவிட்டவள். அவள் வாசலில் நின்று அழுதபோது நான் உள்ளே கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கட்டி பாதி தேய்ந்து இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. உரசிப் பூசிய நீலத்துக்கும் தொட்டியில் ஏறிய நீலத்துக்கும் வித்தியாசம் உண்டு. தொட்டிநீலம் வாரக்கணக்கில் போகாது, பூசியது ஒரு கழுவலில் போய்விடும். அம்மாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும் என்று இப்போது, இந்த வயதில் யோசிக்கிறேன்.

சாயம் சேர்ந்த பிறகு துணியில் ஏற்றுவதைப் பற்றி இன்னொரு கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன். தாத்தா தகரைச் செடியின் விதையை வேகவைத்து ஊற்றித்தான் சாயப் பானையைப் புளிக்கவைப்பார்; உனக்கு அது கிடைக்காது. நீலம் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு பங்கு, வெல்லம் மூன்று பங்கு என்று வைத்துக்கொள். வெல்லம் இல்லாவிட்டால் பழச்சர்க்கரை. தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாகி, மேலே செம்புத்தகடு போல ஆடை படர்ந்தால் துணியை இறக்கலாம். வெளியே எடுத்ததும் பச்சையாக இருக்கும், பயந்துவிடாதே. நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகும். சுண்ணாம்பைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள். கண்ணில் தெறித்துவிடப்போகிறது, கண்ணாடியும் போட்டுக்கொள்.

இந்த மாதமும் அடுத்த மாதமும் பணம் அனுப்ப வேண்டாம். மணிலாக்கொட்டை அறுத்த பணம் கையில் இருக்கிறது, மாத்திரைக்கும் மின்கட்டணத்துக்கும் அது தாராளம். தம்பியிடம் நான் இதைப் பற்றிப் பேசவில்லை, பேசப்போவதும் இல்லை.

அம்மா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நான்கு மணிக்குத்தான் எழுந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை இரண்டரை மணிக்கு நான் திண்ணையில் தனியாகத்தான் இருப்பேன். போனையும் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா