1, 2ஆம் வகுப்புப் பெற்றோர் குழு, கடலூர்: வெள்ளிக்கிழமை கடை விளையாட்டு

அனைவருக்கும் வணக்கம். ஜூலை 18, வெள்ளி காலை 10 மணிக்குப் பிள்ளைகளுக்கு வகுப்பறையிலேயே கடை விளையாட்டு. ‘எண்ணும் எழுத்தும்’ பாடத்தில் வரும் ஒன்றுகள், பத்துகளைக் கையால் தொட்டுப் பழகத்தான். கொடுத்தனுப்ப வேண்டியவை:

1. ஈர்க்குச்சி 50. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு 4 கட்டு, மீதி 10 உதிரியாக. அந்தப் பத்தும் சேர்ந்தால் ஐந்தாவது கட்டு என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். தயவுசெய்து வீட்டிலேயே சொல்லிவிடாதீர்கள்.

2. புளியங்கொட்டை அல்லது பலாக்கொட்டை ஒரு கைப்பிடி, கழுவிக் காயவைத்தது. ஓட்டோடு முந்திரிக்கொட்டை வேண்டவே வேண்டாம், அதன் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். பண்ருட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

3. காலித் தீப்பெட்டி, பிஸ்கட் உறை. புதிதாக எதுவும் வாங்காதீர்கள்.

4. விலைச்சீட்டு 5. பிள்ளையே எழுதட்டும், கோணலாக இருந்தாலும் சரி. போன முறை பாதிச் சீட்டில் அம்மாக்களின் கையெழுத்து!

அப்புறம், கூட நின்று பார்த்துக்கொள்ள 4 பேர் வேண்டும். அப்பாக்களும் வரலாம்.

புதன் இரவு 8 மணிக்குள் பிள்ளையின் பெயர், வகுப்பு, நீங்கள் வருவீர்களா என்று எழுதி அனுப்புங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் கணக்கில் வராது.