மன்னிப்புக்கு ஒரு வரம்பு வேண்டாமா?

ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபரின் மன்னிப்பு அதிகாரம் பற்றிப் பேசுகிறவர்கள் டிரம்ப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்துக்குள் புகுந்த வழக்கில் சுமார் 1,500 பேரை, 2025இல் பதவியேற்ற அன்றே அவர் மன்னித்தார். போலீஸாரைத் தாக்கியவர்களும் அதில் உண்டு. அநியாயம்தான். ஆனால் அதற்கு ஏழு வாரம் முன்பு பைடன் என்ன செய்தார்? மன்னிக்க மாட்டேன் என்று சொல்லிவந்தவர், துப்பாக்கி வழக்கிலும் வரி வழக்கிலும் சிக்கிய சொந்த மகனையே மன்னித்தார். பெற்ற மனம் பித்து, சரி. அதற்கு அரசியல் சட்டமா கிடைத்தது?

1974இல் வாட்டர்கேட் ஊழலில் சிக்கி அதிபர் நிக்சன் பதவி விலகிய ஒரே மாதத்தில், வழக்கு வருமுன்பே, அடுத்து அதிபரான ஃபோர்டு அவரை மன்னித்தார். 1976 தேர்தலில் தோற்றார். இப்போதோ மன்னிப்பை வாக்குறுதியாகவே சொல்லி ஓட்டு வாங்க முடிகிறது!

இந்த அதிகாரத்தைக் குறைக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும்; அதற்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், அப்புறம் 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். இரண்டு கட்சிக்கும் அது தேவைப்படும்போது யார் கை தூக்குவார்கள்?

– வாசகர், திருச்சி