நுழைவுத்தேர்வுக்கு முன் பதிவேட்டைப் புரட்டுங்கள்: நெல்லைக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களே, துறைத் தலைவர்களே, வணக்கம்.

முக்கூடல் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். "பிளஸ் டூ மார்க்கை நம்ப முடியாது, நாமே ஒரு நுழைவுத்தேர்வு வைத்தால்தான் தரமான பிள்ளைகள் வருவார்கள்" என்று உங்களில் சிலர் சொல்வது காதில் விழுகிறது. எனக்கு அது கவலையாக இருக்கிறது.

அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சிகாகோ அரசுப் பள்ளிகளில் படித்த 55,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2020-இல் வெளியானது. யார் பட்டம் வாங்குவார் என்று முன்கூட்டிச் சொல்வதில், அங்கே கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதும் ஏசிடி தேர்வைவிடப் பள்ளி மதிப்பெண் ஐந்து மடங்கு வலுவாக இருந்தது. சரி, மறுபக்கமும் உண்டு. நிறுத்தி வைத்திருந்த ஏசிடியையும் அதே போன்ற எஸ்ஏடி தேர்வையும் அங்குள்ள எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2022-இல் திரும்பக் கொண்டுவந்தது. தங்கள் கணிதப் பாடங்களுக்கு யார் ஈடுகொடுப்பார் என்று அறிய அவை உதவுகின்றன என்றது.

இரண்டையுமே அப்படியே இங்கே தூக்கிவர முடியாது. அங்கே பள்ளி மதிப்பெண் என்பது வருடக்கணக்கில் ஆசிரியர்கள் போட்டுப் போட்டுச் சேர்ந்தது. நம்முடையது? வேதியியலில் 100-க்கு 70 ஒரே நாளில், மூன்று மணி நேரத்தில் எழுதும் தாளுக்கு. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. ஆக பிளஸ் டூவே முக்கால்வாசி நுழைவுத்தேர்வுதான். அதன்மேல் இன்னொன்றை வைத்தால் கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்தவர் யார் என்பதுதான் கூடுதலாகத் தெரியும்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை. சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றுவாள். மறுநாள் அவள் ரெக்கார்டு நோட்டைத் திறந்தால் உப்புப் பகுப்பாய்வு ஒரு படி விடாமல் எழுதியிருக்கும். பொதுத்தேர்வில் நடுத்தர மார்க்தான். ஆனால் காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் எல்லாவற்றிலும் ஒரே சீராக வாங்கியவள். ஆறு செமஸ்டரை அரியர் இல்லாமல் தாண்ட வைப்பது இந்தச் சீர்தான் என்று நம்புகிறேன். என் நம்பிக்கை ஆதாரமாகாது. ஆதாரம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

சேர்க்கை விண்ணப்பத்தையும் செமஸ்டர் மார்க்கையும் எடுங்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ உள்தேர்வு மார்க்கையும் வருகைப் பதிவையும் பள்ளிகளிடம் கேட்டு வாங்குங்கள். யாருக்கு அரியர் விழுந்தது, யார் பாதியில் நின்றார் என்பதோடு எது ஒத்துப்போகிறது என்று துறைவாரியாகப் பாருங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு துறையில் சேர்ந்த எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மார்க் என்றால், மார்க்குக்கு மதிப்பே இல்லை என்பது போலத் தோன்றும். அதனால் துறைவாரியாகப் பார்ப்பதோடு, வெவ்வேறு கட்-ஆஃப் உள்ள துறைகளைச் சேர்த்தும் பார்க்க வேண்டும். அப்புறம், பெயர்களை நீக்கிவிட்டு முடிவை வெளியிடுங்கள்.

தலைமையாசிரியர் அனுமதியோடு எங்கள் பதிவேடுகளைத் தொகுத்துத் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.