மண் பாதையிலும் சைக்கிள் ஓடட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூரில் ஞாயிறு விடியலில் சைக்கிள் மிதிக்கும் நாங்கள் பெரும்பாலும் தார்ச் சாலையோடு நின்றுவிடுகிறோம். போன மாதம் ஏழு பேர் கணியம்பாடி வழியாக அமிர்தி பக்கம் போய் ஏரிக்கரை, சரளைப் பாதை எல்லாம் சுற்றி வந்தோம். இருவரிடம்தான் 40 மில்லிமீட்டர் அகல டயர் போட்ட, சரளைப் பாதைக்கேற்ற கிராவல் சைக்கிள். மற்றவை தினமும் கடைக்கு ஓட்டும் சாதாரண வண்டிகள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்ததும் சரளையில் வழுக்கல் குறைந்தது. சீமைக் கருவேல முள்தான் விடவில்லை, மூன்று பஞ்சர். கரையில் ஆடு மேய்த்த பாட்டி, இடுப்பில் செருகியிருந்த முள்வாங்கியால் டயரில் ஒடிந்து நின்ற முள்ளைப் பிடுங்கித் தந்தார். "சாப்பிட்டீங்களா பசங்களா?" என்றும் கேட்டார். தார்ச் சாலையில் இந்தப் பேச்சு ஏது?

இதை ஊர்கூடி நடத்தும் நிகழ்ச்சியாக்க வேண்டும். பந்தயம் வேண்டாம், பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் வரட்டும். நம்மூர் வெயிலுக்கு ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும். ஹெல்மெட் கட்டாயம். காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி முதலில். அப்புறம், முதலுதவிப் பெட்டியோடு ஒரு வண்டி பின்னால் வர வேண்டும். மாவட்ட நிர்வாகம் ஒரு ஞாயிறு ஒதுக்கித் தந்தால், பாதை காட்ட நாங்கள் தயார்.

வாசகர்,
பாகாயம், வேலூர்.